பாதிக்குப் பாதி, அப்புறம் ஓர் அம்மா பாட்டு

எங்கள் வீட்டுப் பின்பக்கம், மிளகாய்ச் செடிகளுக்கு மேலே, நைலான் கயிற்றில் என் முகம் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்று இல்லை, ஆறு. 2003-இல் வெளிவந்த (வெளிவந்தது என்பது பெரிய வார்த்தை, அச்சடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்) என் முதலும் கடைசியுமான பாட்டு சிடி. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். மறுபக்கம் பதினேழு வயது நான், ஜெல் தடவிய தலையோடு, எதையோ இழந்தவன் போல மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் பட்டு மின்னினால் பறவைகள் கிட்டே வராது என்பது அம்மாவின் கணக்கு. மைனாக்கள் தாராளமாக வருகின்றன. ஒன்று என் நெற்றி மேலேயே உட்கார்ந்து போகும்.

இந்தக் கதையை எழுத நினைத்ததே இல்லை. போன மாதம் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்தேன், அதனால் வந்த வினை.

படத்தைச் சொன்னது எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்த ஐயா. மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகிற தோட்டம், அப்பா அங்கே பால் வெட்டினார். இப்போது ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் டவுனில் ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் முன்முடியைத் தூக்கி வாருவார். "கிளிஃப் ரிச்சர்ட் ஸ்டைல் தம்பி, அறுபத்தொன்றில் அவன் ஷேடோஸ் குழுவோட சிங்கப்பூருக்கு வந்தான், அப்போ வாரினது" என்பார். அவன் லக்னோவில் பிறந்தவன் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார், ஏதோ நம் வீட்டுப் பையன் மாதிரி. உண்மைதான். 1940-இல் லக்னோவில் பிறந்தபோது பெயர் ஹாரி வெப், 1948-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போய் அங்கே பாடகரானவர்.

"நீ பாடப்போய் ஏமாந்தவன்தானே, எக்ஸ்பிரஸ்ஸோ பொங்கோ பாரு" என்றார் ஐயா. அவ்வளவுதான் முன்னுரை. பார்த்தேன்.

முதலில் அது படமே இல்லை, மேடை இசை நாடகம். 1958 ஏப்ரலில் லண்டன் சவீல் தியேட்டரில் அரங்கேறியது. உல்ஃப் மன்கோவிட்ஸும் ஜூலியன் மோரும் எழுதியது, டேவிட் ஹெனகரும் மான்ட்டி நார்மனும் இசை. கதை நடக்கும் இடம் லண்டனின் சோஹோ பகுதி. அப்போது அங்கே காப்பிக் கடைகளில் கிட்டார் வைத்துக்கொண்டு பையன்கள் பாடுவது புதுப் பழக்கம். டூ ஐஸ் என்றொரு காப்பிக் கடையில் பாடிக்கொண்டிருந்த டாமி ஸ்டீல் 1956-இல் ஒரே வருடத்தில் நாடறிந்த ஆளாகிவிட்டார், அதைப் பார்த்துத்தான் இந்த நாடகமே பிறந்தது. அந்தக் காலத்து மேனேஜர் லாரி பார்ன்ஸ் பையன்களைப் பிடித்துவந்து முதல் வேலையாகப் பெயரை மாற்றுவாராம். ரெஜினால்ட் ஸ்மித் மார்ட்டி வைல்ட் ஆனார், ரொனால்ட் விச்சர்லி பில்லி ஃபியூரி ஆனார். நாடகத்தில் ஜானி என்ற வெறுங்கை ஏஜென்ட் பொங்கோ என்ற சின்ன மேளம் தட்டிப் பாடும் பெர்ட் ரட்ஜ் என்ற பையனைக் கண்டுபிடிக்கிறான், பெயரைப் பொங்கோ ஹெர்பர்ட் என்று மாற்றுகிறான், வருமானத்தில் பாதி எனக்கு என்று எழுதி வாங்கிக்கொள்கிறான்.

பாதிக்குப் பாதி. இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு ஒரு மைலோ கலக்கிக் குடித்தேன்.

ஏனென்றால் எனக்கு நடந்தது இது. 2003, மாரியம்மன் கோயில் திருவிழா, தீமிதி முடிந்த இரவு. லோரியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதுதான் மேடை. எங்கள் இசைக்குழுவில் நான் மூன்று பாட்டு பாடினேன். இறங்கி வந்தபோது இடுப்பு வாரில் கைப்பேசிப் பை மாட்டிய ஒருவர் நின்றார். கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறாராம், புரொடியூசராம். "தம்பி, உன் குரல்ல ஒரு சோகம் இருக்கு, அதை நாம விக்கலாம்" என்றார். இந்த வாக்கியம் எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது, அப்போது அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

மறுநாள் டவுன் கோப்பிக்கடையில் சந்திப்பு. இரண்டு பக்கக் காகிதம், முழுக்க ஆங்கிலம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம், அதிலும் தேறுவது சந்தேகம். ஐந்து வருடம், வேறு யாருக்கும் பாடக்கூடாது, வருவதில் பாதி அவருக்கு, ரெக்கார்டிங் செலவு மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) எங்கள் பொறுப்பு. இதை அவர் வாயால் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். கையெழுத்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தே கிளாஸின் அடி வட்டமாக ஒட்டி, காகிதம் பாலில் பிசுபிசுத்தது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்த அக்கறையைப் பார்த்து அப்பா, "நல்ல மனுசன், காகிதத்தை எப்படி மதிக்கிறார் பாரு" என்றார்.

பெயரையும் மாற்றினார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், தேடிப் பார்ப்பீர்கள்.

படத்தில் ஜானியாக லாரன்ஸ் ஹார்வி. மேடையில் இதே வேடத்தைச் செய்தவர் பால் ஸ்கோஃபீல்ட், ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் பேர்போன நடிகர். அந்த மேடை நடிப்பைப் பார்க்க இனி வழியில்லை. ஹார்வியின் வாய் மட்டும் போதும், பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரு போனில் பொய், அந்தப் பொய்யை வைத்து அடுத்த போனில் பேரம். என்னுடைய ஆளும் அப்படித்தான். ஈப்போ பஸ் நிலையத்தில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே யாரிடமோ "பையன் ஜொகூர் போயிருக்கான், டைட் ஷெட்யூல்" என்றார். நான் கையில் பொட்டல நாசி லெமாக்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஜானிக்கு ஒரு காதலி உண்டு, மெய்ஸி. விடுதியில் ஆடுகிறவள், பாட ஆசைப்படுகிறவள், அவனுக்காக எல்லாம் செய்கிறவள். அவளுக்குப் பாட ஒரு வாய்ப்பு வாங்கித் தர அவனுக்கு நேரமே கிடைப்பதில்லை. சில்வியா சிம்ஸ் அந்த வேடத்தில் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சிகள்தான் எனக்கு வலித்தன. எங்கள் குழுவில் உண்மையாகவே பாடத் தெரிந்தவர் ஓர் அக்கா. காலையில் பால் வெட்டிவிட்டு, சாயங்காலம் கை கழுவிக்கொண்டு ஒத்திகைக்கு வருவார், சுருதி விலகவே விலகாது. புரொடியூசர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானும் "அக்காவையும் கேட்டுப் பாருங்கண்ணே" என்று சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், அம்மா பாட்டு.

நாடகத்தில் ஓர் இடம் வருகிறது. பொங்கோ ஹெர்பர்ட் இளசுகளுக்கு மட்டும் பிடித்தால் போதாது, அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் பிடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? ஜானி கண்டுபிடிக்கும் மருந்து, பக்தியும் தாய்ப்பாசமும். இரண்டையும் கலந்து ஒரு பாட்டு. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இரண்டாம் மாடியில் ஒரு சன்னதி'. அப்போது இங்கிலாந்தில் கண்ணீர் வழிய விற்றுக்கொண்டிருந்த பாட்டுகளைப் பார்த்துச் செய்த பச்சைக் கிண்டல் அது. ஜனங்கள் சிரிக்க வேண்டும் என்றே எழுதியது.

என் ரெக்கார்டிங் நடந்ததும் இரண்டாம் மாடியில்தான். கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மேலே, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்த அறை. எட்டுப் பாட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஏழு பாட்டு காதல் தோல்வி (எனக்கு அதுவரை காதலே வந்ததில்லை). எட்டாவதுக்கு முன்னால் அவர் சொன்னார்: "ஒரு அம்மா பாட்டு போட்டே ஆகணும் தம்பி. பெருசுங்க பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, நின்னு கேட்டு வாங்குவாங்க." பாட்டில் வருகிற தாய் தாலியை விற்று மகனைப் படிக்க வைக்கிறாள், மகன் பெரிய ஆளாகித் திரும்பி வரும்போது அவள் படமாக மாட்டியிருக்கிறாள். கடைசி வரியில் நான் விசும்ப வேண்டும். நாலு தடவை விசும்பினேன், மூன்றாவதை வைத்துக்கொண்டார்கள்.

சிடி வந்ததும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். அப்புறம் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "தாலி இங்கதானடா இருக்கு? தோடுதானே வச்சேன், அதுவும் உன் இந்தப் பாட்டுக்கு" என்றார்.

மூவாயிரம் வெள்ளியில் பாதி அந்தத் தோடு. ஈப்போ அடகுக் கடையில் போனது, மீட்டது 2005-இல். தாய்ப்பாசத்தைப் பற்றிய பொய்ப் பாட்டுக்கு நிஜத் தாய் நிஜத் தோட்டைக் கொடுத்திருக்கிறாள், பாட்டில் அது இல்லை. மன்கோவிட்ஸ் கேட்டிருந்தால் அப்படியே நாடகத்தில் போட்டிருப்பார்.

இப்போது படமாக மாறிய கதை. 1959-இல் வால் கெஸ்ட் இயக்கினார், கறுப்பு வெள்ளை. சோஹோவின் இரவு, விளக்குப் பலகைகள், குறுகிய தெருக்கள், இதெல்லாம் அருமை. ஆனால் பொங்கோ ஹெர்பர்ட் வேடத்துக்கு யாரைப் போட்டார்கள் என்றால், அப்போது பத்தொன்பது வயதில் நிஜமாகவே உச்சத்தில் இருந்த கிளிஃப் ரிச்சர்டை. மேடையில் ஜேம்ஸ் கென்னி என்ற நடிகர் செய்தது. நடிகர் பாடகனைக் கிண்டல் செய்யலாம், பாடகனே தன்னைக் கிண்டல் செய்துகொண்டால் இசைத்தட்டுக் கம்பெனி சும்மா இருக்குமா? மேடைப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கிவிட்டார்கள். கிளிஃபுக்கு என்று புதுப் பாட்டுகள் சேர்த்தார்கள். அதில் ஒன்று, 'எ வாய்ஸ் இன் த வில்டர்னஸ்', 1960-இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. படத்தின் பெயரிலேயே நாலு பாட்டு இசைத்தட்டு வந்தது. அதில் மூன்றாவதாக யார் வந்து உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா, நம்ம இரண்டாம் மாடிச் சன்னதி.

கிண்டலுக்கு எழுதிய பாட்டை அந்தப் பையன் துளி கிண்டல் இல்லாமல் பாடியிருக்கிறான், காசு கொடுத்து வாங்கியவர்கள் துளி கிண்டல் இல்லாமல் கேட்டிருக்கிறார்கள். இந்த வியாபாரத்தைக் கடித்துக் குதற எழுதிய நாடகம் அதே வியாபாரத்துக்கு நாலு பாட்டு சம்பாதித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

படம் நாடகத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்று ஐயாவே சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாட்டு வரும் இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். சுற்றி எல்லாரும் பொய் என்று நமக்குத் தெரியும், ஜானி ஏன் இந்தப் பாட்டைப் போடச் சொன்னான் என்று தெரியும், ஆனாலும் அந்தப் பையன் முகத்தில் பொய் இல்லை. பொறியில் மாட்டிய எலி வடையை ரசித்துத் தின்கிற மாதிரி இருக்கிறது. தேர்ந்த நடிகர் கண்ணடித்துக்கொண்டே பாடியிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். இவன் பாடினால் சிரிக்க முடியவில்லை. அந்த நாலு விசும்பலில் மூன்றாவது நிஜமாகவே எனக்கு வந்தது என்பதால் கூட இப்படித் தோன்றலாம். இன்னொன்று, படத்தில் பக்தியை வேஷமாகப் போட்ட கிளிஃப், 1966-இல் லண்டனில் பில்லி கிரஹாம் என்ற போதகரின் கூட்டத்தில் தன் கிறிஸ்துவ நம்பிக்கையைப் பகிரங்கமாகச் சொன்னார், இன்றுவரை அப்படியே இருக்கிறார். வேஷம் எங்கே முடிந்தது என்று ஜானியாலும் சொல்லியிருக்க முடியாது.

நம் பக்கமும் மேடையிலிருந்து திரைக்குப் போன கதை உண்டே. சர்வர் சுந்தரம், கே. பாலசந்தர் நாடகம், 1964-இல் கிருஷ்ணன் பஞ்சு படமாக எடுத்தார்கள். சர்வர் வேலை செய்தவன் சினிமா நட்சத்திரமாகிறான், நாகேஷ். அப்பா அதைத் தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் பார்த்தவர். 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுவார்கள், எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் திரையில் நிற்பார்கள். "அதுவரைக்கும் எம்.ஜி.ஆரும் சிவாஜியும்தான் சொந்தமா பாடுறாங்கன்னு திடல்ல பாதிப் பேரு நெனச்சிருந்தாங்க" என்பார் அப்பா. குட்டு உடைந்த மறுநாளும் அதே ஜனங்கள் அதே பாட்டைப் பாடிக்கொண்டுதான் பால் வெட்டப் போயிருக்கிறார்கள்.

எக்ஸ்பிரஸ்ஸோ பொங்கோவின் முடிவுக்கு வருகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். டிக்ஸி என்றொரு மூத்த பாடகி, வயது போகிறது, பெயர் மங்குகிறது, பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அப்போதுதான் தெரிகிறது, ஒப்பந்தம் போட்டபோது பையனுக்கு உரிய வயது ஆகவில்லை, காகிதம் செல்லாது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இருபத்தொன்று ஆக வேண்டும். பையன் நியூயார்க் போகிறான், ஜானி நடுத்தெருவில்.

படத்தை மறுபடி நிறுத்தினேன். மைலோ தீர்ந்துவிட்டது.

நம் நாட்டில் 1971 சட்டப்படி முழு வயது பதினெட்டு. அதற்குக் கீழே உள்ளவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. நான் கோப்பிக்கடையில் கையெழுத்துப் போட்டது ஏப்ரலில், எனக்குப் பதினெட்டு முடிந்தது நவம்பரில். அப்பா வெறும் சாட்சிக் கையெழுத்து. அதாவது அந்தக் காகிதம் முதல் நாளே செல்லாக் காகிதம். ஆனால் அந்த ஐந்து வருடமும் நான் எங்கேயும் பாடவில்லை. புரொடியூசர் மூன்றாவது மாதமே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், ஆயிரம் சிடியில் எழுநூற்றுச் சொச்சம் எங்கள் வீட்டு அலமாரி மேல் இருந்தது, அப்போதும் 'வேறு யாருக்கும் பாடக்கூடாது' என்ற அந்த ஒரு வரிக்குப் பயந்து திருவிழா மேடையில் ஏறவில்லை. சொந்த அக்கா கல்யாணத்தில் எல்லாரும் கெஞ்சியும் மைக்கைத் தொடவில்லை. "கேஸ் போட்டுடுவாங்க" என்றேன். அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இதை ஐயாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயாவது பரவாயில்ல தம்பி, எல்விஸையே பாரு" என்றார். எல்விஸின் மேனேஜர் கர்னல் பார்க்கர் முதலில் நாலில் ஒரு பங்கு எடுத்தார், 1967-இலிருந்து பாதி. நாடகத்தில் மிகைப்படுத்திச் சொன்ன பங்கு ஒன்பது வருடம் கழித்து நிஜக் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்த சவீல் தியேட்டரையே 1965-இல் குத்தகைக்கு எடுத்தவர் யார் என்றால் பிரையன் எப்ஸ்டீன், பீட்டில்ஸின் மேனேஜர். மேனேஜரைக் கிழித்த மேடை மேனேஜர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

ஐயா சொன்ன இன்னொரு விஷயம், தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் விட மனசில்லை. இசையமைத்தவர்களில் ஒருவரான மான்ட்டி நார்மன்தான் பிறகு ஜேம்ஸ் பாண்ட் மெட்டைப் போட்டவர். அந்த மெட்டு முதலில் எதற்குப் போட்டது தெரியுமா? நைபாலின் மிஸ்டர் பிஸ்வாஸ் நாவலை மேடைக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு. டிரினிடாட் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசு ஒருவன் பாடுவதாக எழுதிய பாட்டு, நாடகம் நடக்கவில்லை, மெட்டு 1962-இல் துப்பாக்கி பிடித்தவனிடம் போய்விட்டது. எங்கோ ஒரு தோட்டத்தானுக்குப் போட்ட மெட்டு. ஐயா அதை மேசையில் தாளம் தட்டிக் காட்டினார், எனக்கு அப்புறம் அந்த மெட்டு தவில் மாதிரியே கேட்கிறது.

நேற்று மழை விட்ட பிறகு அம்மாவுக்கு அந்தச் சன்னதிப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"என்னாடா சொல்றான்?"

"அம்மா பாட்டுமா. ரெண்டாம் மாடியில சன்னதியாம்."

"மாடி வீடா. அப்ப வசதியான வூட்டுப் பையன்தான்." இன்னும் கொஞ்சம் கேட்டார். "குரல் நல்லாருக்கு. உன்ன மாதிரி மூக்கால அழல."

அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார். மழைக் காற்றில் கயிறு அறுந்து, இரண்டு சிடி சேற்றில் முகம் குப்புறக் கிடந்தன.

"அலமாரி மேல இருந்து ரெண்டு எடுத்துட்டு வா" என்றார். "புதுசா எடு, பழசு மின்ன மாட்டேங்குது."